அவள் ஊற்றிக் கொடுத்தது

"ரத்தம் எடுக்கற இடத்துல ஒரு அம்மா வந்திருந்தாங்க. எனக்கு நெஞ்சுல வச்சிருக்கற அதே வால்வு அவங்களுக்கும்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தாங்க. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் வாயே திறக்கல. அப்புறம் மெல்ல என் பக்கம் சாஞ்சு, 'சார், இந்தச் சத்தம் உங்களுதா, என்னுதா?'ன்னு கேட்டாங்க. அவங்களுது ஒரு டிக்குங்குது, என்னுது ஒரு டிக்குங்குது. மாத்தி மாத்தி! நாங்க சிரிச்ச சிரிப்புல நர்ஸ் எட்டிப் பாத்து அதட்டிட்டுப் போச்சு."

"வயசென்ன இருக்கும்?"

"யாருக்கு, நர்ஸுக்கா?"

"ஆமா, நர்ஸுக்கு!"

இந்தப் பேச்சு நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவளுக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. எந்த இடத்தில் கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார், எந்த இடத்தில் இருமல் வரும் அளவுக்குச் சிரித்தார் என்பதுவரை நினைவில் நின்றது. அந்தச் சிரிப்புதான் அவளைக் குடைந்தது. ஆபரேஷன் முடிந்து வீடு வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை அவள் கேட்கவே இல்லை. எங்கோ தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். தொலையவில்லை, ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில், யாரோ ஒருத்திக்காகப் பத்திரமாக இருந்திருக்கிறது.

வயசு என்ன என்ற கேள்விக்குக் கடைசியில் பதில் வந்தது. நம்ம வயசுதான் இருக்கும், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார்கள், எல்லோரும் மேடம் மேடம் என்கிறார்கள், நானும் மேடம் என்றே கூப்பிட்டேன் என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்றாவது ஆளாக டிரைவிங் மேடம் வந்து உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு போட வேண்டியதில்லை, துணி துவைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆள் இருந்தார்.

அவளுடைய கணவர், சோபா உறையும் ஜன்னல் திரையும் தைக்கும் பட்டறையில் துணி வெட்டுபவர். கூட வேலை செய்பவர்கள் அவரைக் 'கத்திரி' என்பார்கள். இதயத்தில் ஒரு வால்வு பழுதாகி, உலோக வால்வு பொருத்தினார்கள். அதில் ரத்தம் கட்டிவிடக்கூடாது என்று ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் போட வேண்டும். ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று ஒவ்வொரு புதன்கிழமையும் குத்திப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் அதற்கு ஐ.என்.ஆர். என்று பெயர், வீட்டில் 'நம்பர்'. நம்பர் இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம். ஏறினால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியலாம். இரண்டு கோட்டுக்கு நடுவில் கயிற்றில் நடப்பது மாதிரிதான் வாழ்க்கை. பட்டறையில் மின்சாரக் கத்தியைப் பிடிக்கும் நாட்களில், இடது கைக்கு எஃகு வலையில் செய்த கையுறை மாட்டிக்கொண்டார். "போருக்குப் போற ராஜா மாதிரி இருக்கீங்க" என்று முதலாளி கிண்டல் செய்தாராம். அதையும் அவர் முதலில் சொன்னது மேடத்திடம். அவளுக்கு அது இரண்டாம் கையாகத்தான் வந்தது.

"மேடம்கிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"விழாம பாத்துக்கச் சொல்லுங்க. அவங்களுக்கும் அடிபட்டா ரத்தம் நிக்காது" என்றாள் அவள்.

அவர் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டார். "சொல்றேன், சொல்றேன்" என்றார்.

புதன்கிழமை வந்தால் அவர் சட்டைக்கு இஸ்திரி போடுவதை அவள் சமையலறையிலிருந்து பார்ப்பாள். பட்டறைக்குப் போக எந்தச் சட்டையும் போதும். ஊசி குத்திக்கொள்ளப் போக, நீலக் கோடு போட்ட சட்டை. கூட வருகிறேன் என்று அவள் ஒரு தடவை சொன்னபோது, "உனக்கு எதுக்கு லீவு போட்டு அலைச்சல், நான் பாத்துக்கறேன்" என்றார். அலைச்சலாம்! அவருக்கு அலைச்சல் இல்லை. அங்கே தேநீர்க் கடை இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது.

இத்தனைக்கும் கணவர் தப்பானவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? பொறாமைக்குச் சாட்சி தேவையில்லை. 'ஒருத்தி என் புருஷனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்' என்ற பயமாக இருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது வேறு. அவருடைய உடம்புக்குள் நடப்பது அந்த அம்மாவுக்குத் தெரிகிறது, தனக்குத் தெரியவில்லை. மாத்திரை போட்டால் வாய் எப்படிக் கசக்கிறது, படியேறும்போது நெஞ்சுச் சத்தம் எப்படிக் கூடுகிறது, ஈறில் ரத்தம் வந்தால் மனசு எப்படிப் பதறுகிறது, எல்லாம் அவர்கள் இருவருக்கும் பொதுச்சொத்து. இருபது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள் வெளியே நிற்கிறாள். நேற்று வந்தவள் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

வெளியே நிற்பது என்றால் வெறும் பேச்சுக்கு இல்லை. அவர் இப்போது படுப்பதே முன் அறை சோபாவில்தான்.

அது நடந்த விதம் இப்படி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் இரவு, விளக்கணைத்துப் படுத்ததும் அறை அமைதியாயிற்று. அமைதிக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். அவள் திடுக்கிட்டு எழுந்து விளக்கைப் போட்டாள். அவர் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார். மறுநாள் அவர் தலையணையை எடுத்துக்கொண்டு, "தையல் ஆறற வரைக்கும் சோபாவுல சாஞ்சு படுத்தாதான் சௌகரியம்" என்றார். அவளும் "சரி" என்றாள். தையல் ஆறியது. தழும்பும் வெளுத்தது. தலையணை மட்டும் திரும்பி வரவில்லை.

'உள்ள வந்து படுங்க' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு மூச்சு போதும். தினமும் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது அந்த வாக்கியம் தொண்டைவரை வரும். அவர் போர்வையை உதறும் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விடும். கேட்டு, அவர் 'இங்கேயே சௌகரியமாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டால்? அதற்கப்புறம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? மானமும் மனசும் மல்லுக்கட்டினால் எப்போதும் மானம்தான் ஜெயிக்கிறது.

முன்பெல்லாம் அவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. சமையலறைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி மட்டும் போட முடிகிற பால்கனி. அவர் ஒரு கிளாஸ் விஸ்கி ஊற்றிக்கொள்வார். அதிகம் போனால் இரண்டு. அவள் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்துகொள்வாள். வாரம் முழுக்கப் பட்டறையில் நடந்ததெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். மற்ற நாட்களில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவது, பல் பிடுங்குவதைவிடக் கஷ்டம். இது அவளுக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அவள் வேலை செய்வது பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில்.

ஆபரேஷனுக்குப் பிறகு இதய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "குடி அந்த நம்பரை ஊஞ்சல் மாதிரி ஆட்டிடும். வயித்துல ரத்தக் கசிவு வரலாம். போதையில தடுமாறி விழுந்து தலையில அடிபட்டா, மத்தவங்களுக்கு வீக்கம், உங்களுக்கு உயிர். சில பேருக்கு எப்பவாவது கொஞ்சம் பரவாயில்லம்போம். உங்க நம்பர் இன்னும் ஒரு நிலைக்கு வரல. வேண்டவே வேண்டாம்." கத்திரி பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். அத்தோடு சனிக்கிழமையும் போயிற்று. பால்கனியில் இரண்டு நாற்காலியும் வெயிலில் காய்ந்தன.

பேச்சுக்கு வழி அந்த கிளாஸ்தான் என்று அவள் எப்போது முடிவுகட்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. ஒரு புதன்கிழமை அவர் வழக்கத்தைவிட ரொம்பத் தாமதமாக வந்து, "மேடம் அவங்க கார்லயே கொண்டுவந்து விட்டாங்க. அவங்க உட்கார்ற பக்கமும் ஒரு பிரேக் இருக்கு தெரியுமா? படிக்கறவங்க தப்புப் பண்ணினா அவங்க அமுக்கிடுவாங்க" என்று குழந்தை மாதிரி சொன்னார். அந்த வாரமே அவள், தன் தெருவை விட்டு நாலு தெரு தள்ளியிருந்த மதுக்கடைக்குப் போனாள்.

"இது எங்க டாக்டருக்குப் பரிசு" என்றாள், கடைக்காரர் கேட்காமலேயே.

"நான் ஒண்ணும் கேக்கலியேம்மா" என்றார் அவர்.

சனிக்கிழமை சாயங்காலம் பால்கனி நாற்காலிகளைத் துடைத்தாள். வேர்க்கடலை வறுத்தாள். கத்திரி வந்து, செருப்பைக் கழற்றக்கூட மறந்து அப்படியே நின்றார்.

"என்ன இது, மகாராணி?"

"பாத்தா தெரியல?"

"டாக்டரு..."

"ஒரு நாள்தானே. ஒரு கிளாஸ்தானே. உலகம் ஒண்ணும் முழுகிடாது. உட்காருங்க."

அவர் கிளாஸைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், கடைசியாக அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், கை கால் கழுவி, எதையோ யோசித்தவர்போல வந்து உட்கார்ந்தார். கிளாஸைக் கையில் எடுத்தார்.

பாதி இறங்குவதற்குள் கதை வந்துவிட்டது. வெல்வெட் துணிக்கு ஒரு திசை உண்டு. ஒரு பக்கம் தடவினால் வெளிச்சம், எதிர்ப்பக்கம் தடவினால் இருட்டு. அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் முதலாளி தானே கத்தியைப் பிடித்து, பாதி சோபாவுக்குத் துணியைத் திருப்பி வைத்து வெட்டிவிட்டாராம். "பச்சை சோபா. தச்சு முடிச்சுத் தள்ளி நின்னு பாத்தா, ஒரு பக்கம் காலைல, ஒரு பக்கம் சாயங்காலம்! அந்த ஆளு அசரலையே! 'ரெண்டு பேர் உட்கார்ற சோபாதானே, புருஷனுக்கு ஒண்ணு பொண்டாட்டிக்கு ஒண்ணு'ன்னு வாங்க வந்தவங்ககிட்ட சொல்றாரு!"

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மேடத்துக்கு இந்தக் கதை தெரியாது என்பது கடலையைவிட ருசியாக இருந்தது.

ஒரு நாள்தான் என்று ஆரம்பித்தது அடுத்த சனிக்கிழமையும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பிறகு புதன்கிழமையும் சேர்ந்துகொண்டது. அதில்தான் அவளுடைய சாமர்த்தியம் இருந்தது: பரிசோதனை முடிந்ததும் தேநீர்க் கடையில் நிற்காமல் அவர் நேராக வீட்டுக்கு வந்தார். 'இன்னிக்கு மேடம் என்ன சொன்னாங்க?' என்று அவள் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. கிளாஸ் கொஞ்சம் காலியானால் அவளே ஊற்றினாள். ஒரு கிளாஸ் இரண்டாயிற்று. எழுந்து போகும்போது "மாத்திரை?" என்று மட்டும் மறக்காமல் கேட்பாள்.

"ஆச்சு, ஆச்சு" என்பார் அவர் உள்ளிருந்து.

பிறகு தலையணையைச் சரிசெய்துகொண்டு சோபாவில் படுத்துவிடுவார். அவரைச் சோபாவிலிருந்து உள்ளே கூட்டிவரும் அளவுக்கு அந்தச் சாயங்காலத்தின் கை எட்டவில்லை. 'எட்டும்' என்று அவள் தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

பகலில்தான் சங்கடம். மருத்துவமனை மேசையில், வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் கேட்டாகவேண்டிய கேள்விகள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? குடிப்பழக்கம் உண்டா? இரண்டுக்கும் ஆமாம் என்று யாராவது சொன்னால் அவள் எழுந்து போய்ப் பல் டாக்டரிடம் தனியாகச் சொல்லவேண்டும். பல் டாக்டர் கொட்டாவி விடுவதுபோல் நோயாளிகளிடம் சொல்வார்: "ரெண்டையும் சேத்துக்கிட்டுப் பல்லைப் பிடுங்கச் சொன்னீங்கன்னா ரத்தம் நிக்காதுங்க. நான்தான் நின்னுக்கிட்டே இருக்கணும்." எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஊருக்கு உபதேசம் செய்யும் நாக்கு, வீட்டுக்குப் போனால் 'இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?' என்கிறதே என்று உள்ளே ஒன்று குத்தும். அவருக்கு உடம்பில் ஒரு நீலத் தழும்புகூட இல்லை, ஈறில் ரத்தம் இல்லை, ஒன்றும் ஆகவில்லையே என்று அதன் வாயை அடைப்பாள். புத்திக்குத் தெரிந்ததைப் பொறாமை கேட்டுக்கொள்வதில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம். காத்திருப்பவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பல் டாக்டர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். குட்டையான உருவம், முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, கழுத்தில் விசில்.

"உட்காருங்க. என்ன பிரச்சினை, பல்வலியா?"

"பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. நீங்கதானே கத்திரி சார் வீட்டம்மா?"

அவள் பதில் சொல்லுமுன்பே அறையின் அமைதியில் அது கேட்டுவிட்டது. டிக், டிக். வீட்டில் முன் அறைப் பக்கம் போகும்போது மட்டும் கேட்கிற அதே சத்தம், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றது. அவளுக்குக் காது மடல் சூடாயிற்று. இத்தனை நாள் மனசுக்குள் உயரமாகவும் ஒல்லியாகவும் வளர்த்து வைத்திருந்த உருவம் நொறுங்கியதில், ஏனோ கோபம்தான் கூடியது. 'இவளுக்காகவா நீலக் கோடு போட்ட சட்டை?'

"டிரைவிங் மேடம்" என்றாள், வாழ்த்துவதுபோலவும் இல்லாமல் வைவதுபோலவும் இல்லாமல்.

"அந்தப் பேரு உங்க வரைக்கும் வந்துடுச்சா? நல்லது. பாருங்கம்மா, வெளியில ஒரு பொண்ணை வண்டியில உட்கார வச்சிட்டு வந்திருக்கேன். சும்மா இருக்க மாட்டா, ரிவர்ஸ் எடுத்துப் பாப்பா. அதனால சட்டுனு சொல்லிடறேன். உங்க வீட்டுக்காரரு மாத்திரையை விடறாரு."

"யாரு சொன்னா? தினமும் போடறாரு. நான் தினமும் கேக்கறேன்."

"கேக்கறீங்க. பாக்கறீங்களா?"

அவள் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாள்.

"குடிக்கற அன்னிக்கு மாத்திரை போடறதில்ல. மாத்திரையோட சாராயம் சேரக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாராம். அதனால சேரவிடாம ஒண்ணை விட்டுடறாராம். என்னமோ பெரிய கணக்கு கண்டுபிடிச்ச மாதிரி சொல்றாரு! வாரத்துல ரெண்டு நாள் விட்டா நம்பர் எப்படிம்மா நிக்கும்? போன தடவையும் இறங்கிப்போச்சு, இந்தப் புதனும் இறங்கிப்போச்சு. எதுக்கு இறங்குதுன்னு ஆஸ்பத்திரியில தெரியாது. இவரும் வாயைத் திறக்கல. மாத்திரை பத்தலைன்னு நினைச்சு அளவைக் கூட்டிட்டாங்க. இப்ப பாருங்க, விட்ட நாள்ல வால்வுல ரத்தம் கட்டும். விடாம போட்டா, கூட்டின அளவுக்கு நம்பர் எகிறும். ரெண்டு பக்கமும் பள்ளம். நடுவுல ரோடே இல்ல."

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கவாதம் என்ற வார்த்தையும் அவருடைய வலது கையும் ஒன்றாக மனசில் வந்தன. சுண்ணாம்புக் கட்டியால் துணியில் கோடு இழுக்கிற கை. அந்த நேரத்திலும், வெட்கங்கெட்ட மனசு முதலில் கேட்டது வேறொன்றை.

"இதை உங்ககிட்ட எங்க வச்சு சொன்னாரு? கார்லயா?"

மேடம் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். புரிந்துவிட்டது. சட்டைக் கையை இன்னும் ஒரு மடிப்பு மடித்துவிட்டார்.

"ஆமா, கார்லதான். நேத்து பட்டறைப் பக்கம் போனேன், வழியில ஏத்திக்கிட்டேன். பின் சீட்டுல என் வீட்டுக்காரரும் இருந்தாரு. முன் சீட்டுல, பிரேக்கைப் பாத்து நடுங்கிக்கிட்டு உங்காளு. போதுமா? இன்னும் வேணும்னா வண்டி நம்பரும் தர்றேன்."

"நான் அப்படிக் கேக்கல..."

"நீங்க அப்படித்தான் கேட்டீங்க. கேளுங்க, தப்பில்ல. எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. ஆனா எங்க வச்சுன்னு கேக்கற நேரத்துல, ஏன் குடிக்கறாருன்னும் கேட்டிருக்கணும்ல? 'டாக்டர் வேணாம்னாரே, அப்புறம் ஏன்யா குடிக்கறே'ன்னு நானும் கேட்டேன். மனுஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அது உங்க வீட்டு விஷயம்போல. எனக்கு வேணாம். இன்னிக்குச் சாயங்காலமும் உண்டாமே? அதான் ஓடி வந்தேன். ஆஸ்பத்திரிக்கு நீங்க பேசினாத்தான் எடுபடும். நான் யாரு?"

வெளியே தகரம் நசுங்கும் சத்தம் கேட்டது.

"சொன்னேன்ல!" என்று மேடம் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடினார்.

'நான் யாரு?' என்று அந்த அம்மா போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனது அங்கேயே நின்றது. அதே கேள்வியைத்தான் இத்தனை மாதமாக அவள் தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் இப்போது கிடைத்தது, ஆனால் கேவலமான பதில். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள். இன்னொருத்தியிடமிருந்து புருஷனை மீட்கிறேன் என்று, அவன் உயிரை கிளாஸில் ஊற்றிக் கொடுத்தவள்.

அழுவதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருந்தது. போனை எடுத்து ரத்தப் பரிசோதனைக்கூடத்தைக் கூப்பிட்டாள். கணவரின் பேரைச் சொன்னாள். நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் நர்ஸ், "குடிக்கறதை நீங்க கண்டிக்கலையாம்மா?" என்றாள்.

'அவரு கேக்கறதில்லைங்க' என்று சொல்லியிருக்கலாம். ஊரில் எல்லா மனைவிகளும் சொல்வது, கேட்பவர்கள் நம்பிவிடுவது.

"நான்தான் ஊத்திக் கொடுத்தேன்" என்றாள் அவள்.

நர்ஸ் டாக்டரைக் கேட்டுவருவதாகச் சொல்லிப் போனாள். திரும்பி வந்து நிதானமாகச் சொன்னாள். கூட்டிய அளவு வேண்டாம், பழைய அளவே இன்றைக்கு ராத்திரி. விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகப் போடவே கூடாது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமையானாலும் நாளைக்கே வந்து ரத்தம் கொடுக்கணும். வாய் கோணினாலோ, கை மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, தலையில் அடிபட்டாலோ, மலம் கறுத்துப் போனாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு. அவள் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். பல் டாக்டரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கத்திரி வெயில் தாழ வந்தார். வழியில் தானே கடலை வாங்கி வந்திருந்தார். பால்கனிக்குப் போனவர், நாற்காலிகள் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவள் சமையலறை வாசலில் நின்றாள்.

"கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"ரெண்டு கையையும் நீட்டுங்க. சிரிங்க. நாக்கை நீட்டுங்க."

"பல் ஆஸ்பத்திரியில வேலை குறைஞ்சு போச்சா?" என்றபடியே அவர் கைகளை நீட்டினார், சிரித்தார். இரண்டு கையும் சமமாக நின்றன. உதடு நேராக இருந்தது. பால்கனிக்கு வந்து அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாத்திரையை விடறீங்களாமே."

கடலைப் பொட்டலத்தை அவர் மெதுவாகக் கீழே வைத்தார். "மேடம் வந்தாங்களா?"

"வந்தாங்க. அவங்க வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணும். என் புருஷன் உசிரோட இருக்கானா இல்லையான்னு ஊர்ல இருக்கறவங்க எல்லாம் சொன்னப்புறம் எனக்குத் தெரிஞ்சா போதும், இல்ல? நான் யாரு?"

"ஏய், அப்படியெல்லாம்..."

"ரெண்டும் சேரக்கூடாதுன்னா, விடறதுக்கு உங்களுக்கு மாத்திரைதான் கிடைச்சுதா? அந்தக் கருமத்தை விட்டிருக்கலாமே! 'வேணாம் போடி'ன்னு என் மூஞ்சில ஊத்தியிருக்கலாமே!"

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் விரல் நுனியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிளாஸ் இல்லாமல் அந்த மனிதர் அந்த பால்கனியில் பேசியதே இல்லை. பேசமாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"அதை விட்டா நீ எழுந்து உள்ள போயிடுவியே" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"எவ்வளவு நாள் கழிச்சு வந்து உட்கார்ந்தே. நாற்காலியெல்லாம் தொடச்சு வச்சிருந்தே. அன்னிக்கு அந்த கிளாஸைப் பாத்து எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. வேணாம்னா நீ கோவிச்சுக்கிட்டுப் போயிடுவே, அப்புறம் வரவே மாட்டியோன்னு தோணிச்சு. முதல் கிளாஸுக்கே எனக்கு வயிறு எரிஞ்சுது. சொல்லல. நீ சிரிச்சே, அதனால சொல்லல. எனக்கு அது ருசிக்கவே இல்ல, மகாராணி."

"நீங்கதான் என்னை விட்டுட்டு அங்க போய் சிரிச்சீங்க. புதன்கிழமை, புதன்கிழமை!"

"அங்க எனக்குக் கூச்சம் இல்ல. அவங்களுக்கும் அதே சத்தம். இங்க..." அவர் நெஞ்சைத் தொடவில்லை, கண்ணால் மட்டும் காட்டினார். "முதல் நாள் ராத்திரி நீ விளக்கைப் போட்டு உட்கார்ந்தியே. உன் மூஞ்சியைப் பாத்தேன். பாம்பைக் கண்ட மாதிரி இருந்துச்சு. பாவம், இவ எப்படித் தூங்குவா, தினமும் இது காதுல விழுந்தா? அதான் தலையணையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தேன்."

"தையல் ஆறணும்னீங்க!"

"வேற என்ன சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. "சத்தத்துக்கு யாரு பயந்தா? அடுத்தது வருமா வருமான்னு பயந்தேன். விடியற வரைக்கும் ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே இருந்தேன். மறுநாள் நீங்க வெளிய போய்ப் படுத்தப்புறம் அதுவும் இல்லாம போச்சு. சத்தமே கேக்காம ஒருத்தி எப்படித் தூங்குவா? சுவத்துக்கு அந்தப் பக்கம் ஓடுதா நின்னுபோச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்கேயோ இருக்கற மேடத்துக்குக் கேக்குது, நர்ஸுக்குக் கேக்குது, பட்டறையில முதலாளிக்குக் கேக்குது..."

"முதலாளிக்கு ஒரு காது மந்தம்" என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

"பேசாதீங்க. நான் இன்னும் முடிக்கல."

கீழே தெருவில் யாரோ கடைக் கதவை இழுத்து மூடினார்கள். வாயில் வைத்திருந்த அடுத்த வசவை அவள் விழுங்கினாள். விழுங்கிய இடத்தில் அதற்கும் கீழே கிடந்தது மேலே வந்தது. மாதக்கணக்காகத் தட்டுகளோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்த வாக்கியம். அவர் 'சௌகரியம்' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் இப்போதும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

"இன்னிக்கு மாத்திரையை என் முன்னால போடணும்" என்றாள். "போட்டுட்டு..."

"போட்டுட்டு?"

அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தலையணையை எடுத்துக்கிட்டு உள்ள வந்து படுங்க."